பச்சைப் பட்டை கட்டிய கை

1

ஆறு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடங்கள்.

திங்கட்கிழமை காலை 11.08 முதல் மாலை 6.00 வரை. முதல் எண் பதிவுச் சீட்டில் அச்சாகியிருக்கிறது. இரண்டாவது, அறுவை அரங்கின் கதவு மூடியபோது என் கைபேசி காட்டியது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கள் அப்பா, கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், வெடித்துக்கொண்டிருந்த குடல்வாலுடன் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் நின்றுகொண்டும் இருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

இது முதலில் கதை இல்லை, புகார் மனு. அப்பாவைத் தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று, அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான்கு பக்கம், முப்பத்தொரு வாக்கியங்கள். அவற்றில் முப்பது உண்மை. ஒன்று பொய். அந்தப் பொய் நிற்கிற இடத்தில் நின்றிருக்க வேண்டிய உண்மையை நான் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நாளை மறுநாள், வியாழக்கிழமை, அந்த மனுவின் மேல் மருத்துவமனையில் விசாரணை. நான் வாயைத் திறக்காவிட்டால் கிளாடிஸ் என்ற ஒப்பந்தச் செவிலியருக்கு வேலை போகும். திறந்தால் என்னென்ன போகும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதுவும் பிறகு.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பேருந்து என் நிறுத்தத்தைத் தாண்டிப் போனால்கூடக் கண்டக்டரிடம் சொல்லாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். ஆகவே முதலில் எழுதிப் பார்க்கிறேன். எழுத முடிந்ததைச் சொல்லவும் முடியலாம். இந்தக் கதைக்கு வேறு காரணம் இல்லை.

2

தொடக்கங்கள்.

"காந்திபுரத்தைத் தாண்டும்போது அப்பாவின் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக"

(நிறுத்திவிட்டேன். நாங்கள் காந்திபுரம் வழியாகப் போகவில்லை. வாடகைக் காரில் போனோம், டிரைவருக்குச் சந்து வழி தெரியும். கோவை என்று வாசகருக்கு உடனே விளங்கட்டும் என்று காந்திபுரத்தை இழுத்துவந்தேன். முத்துமுத்தாக வியர்க்கவும் இல்லை.)

"நோக்கம்: 'அவசரம்' எவ்வளவு நேரம் எடுக்கும் என அளத்தல். தேவையான பொருட்கள்: நோயாளி ஒருவர், நாற்காலி அரை, கவுண்ட்டர்கள் நான்கு. செய்முறை: நோயாளியை நாற்காலியில் வைத்து"

(நான் படித்தது பி.எஸ்சி. வேதியியல். மூன்று வருடம் ரெக்கார்டு நோட்டு எழுதிய கை, தானாக இப்படிப் போகிறது. இப்போது ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் நூலின் பலத்தை அளந்து கட்டங்களை நிரப்புகிறேன். ஆனால் இந்தத் தொடக்கம் கிண்டல். கிண்டல் செய்தால் கோபம் ஆறிவிடுகிறது. எனக்கு ஆறக் கூடாது.)

"உயர்திரு நிர்வாக அதிகாரி அவர்களுக்கு, கனம் ஐயா"

(இது அந்த மனு.)

"அப்பா மரியாதைக்காரர்."

(இதைத் தொடரலாம்.)

3

அப்பா மரியாதைக்காரர். பெயர் சென்னகிருஷ்ணன், வயது அறுபத்தொன்று. சோமனூரில் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கிறார். தறிச் சத்தத்தில் நாற்பது வருடம் நின்றவர்கள் பொதுவாகக் கத்திப் பேசுவார்கள். அப்பா தறிக்கூடத்தை விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, மெதுவாகப் பேசுவார். யாருக்கும் 'ங்க' போடாமல் பேச மாட்டார். சமையலறைக்குள் நுழைந்த பூனையை "போங்க, போங்க" என்று விரட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.*

* வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுவோம். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது, எங்களில் யாரும் எழுதியதில்லை. ஆகவே இந்தக் கதையில் எல்லோரும் சோமனூர்த் தமிழே பேசுகிறார்கள். வெளியில் அப்படித்தான் பேசுவோம். மரியாதை இரண்டிலும் ஒரே அளவு.

மருத்துவமனையின் முகப்பு மேசையில் இருந்த செவிலியரின் கழுத்தட்டையில் கிளாடிஸ் என்று எழுதியிருந்தது.

"ஐயா, வயித்து வலி எத்தனைங்க? பத்துக்கு எவ்வளவு போடலாம்?"

"பத்துக்குங்களா?"

"தாங்கவே முடியலைன்னா பத்து. ஒண்ணுமே இல்லைன்னா சைபர்."

அப்பா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தார். ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

"ஒரு மூணு போட்டுக்கோங்க அம்மணி."

"மூணுதானுங்களா?"

"சாஸ்தின்னா ரெண்டு போட்டுக்கோங்க. உங்களுக்கு எப்படிச் சௌகரியமோ அப்படி."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் புன்னகைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கிளாடிஸ் காய்ச்சல் பார்த்தார்: 98.9. ரத்த அழுத்தம் பார்த்தார். என் பக்கம் திரும்பி

(இந்த இடத்தில் நான்கு வரிகளை எடுத்திருக்கிறேன். அவை மனுவிலும் இல்லை.)

பிறகு கணினியில் கட்டங்களை நிரப்பி, அப்பாவின் வலது மணிக்கட்டில் ஒரு பச்சைக் காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டினார். சிவப்பு என்றால் உடனே பார்ப்பார்கள். மஞ்சள் என்றால் அரை மணி நேரத்துக்குள். பச்சை என்றால், உட்காருங்கள்.

4

உட்கார்ந்தோம். இனி நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை.*

* பெயர்களைத் தவிர. என் பெயரையும் ஷ்ரவ்யா என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மருத்துவர் ஒருவர். ஒரே ஒருவர். ஆதர்ஷ் என்று பெயர், என்னைவிட இரண்டு வயது பெரியவராக இருக்கலாம். நான் எண்ணியபோது காத்திருந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். நாற்காலிகள் பதினெட்டு. சுவரில் ஒரு பெரிய திரை. அதில் அந்த மருத்துவமனையின் புதிய இதயப் பிரிவை மாற்றி மாற்றிக் காட்டினார்கள்: பளிங்குத் தரை, உள்ளேயே ஒரு நீரூற்று, கைகூப்பி நிற்கும் நான்கு பெண்கள். வரவேற்க நான்கு பேர். வைத்தியம் பார்க்க ஒருவர். திரையின் கீழே 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பொறுமையாக இருப்பதாக அவர்களிடம் யார் சொன்னார்கள்?

1.15 மணிக்குக் காரமடைப் பக்கமிருந்து ஒரு மில் முதலாளியின் மருமகன் வந்தார். கால் பெருவிரல் நகம் பெயர்ந்திருந்தது. அவருக்கு முன்பாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தது. பதிவுச் சீட்டு இல்லை, பத்துக்கு எத்தனை என்ற கேள்வி இல்லை, பட்டை இல்லை. டாக்டர் ஆதர்ஷை உள்ளே ஒரு நோயாளியிடமிருந்து கூட்டிக்கொண்டுபோனார்கள். பத்தொன்பது நிமிடம் கழித்து மருமகன் விரலில் வெள்ளைக் கட்டோடு வெளியே வந்து, கைபேசியில், "ஒண்ணுமில்ல மாமா, சும்மா நகந்தான்" என்றார்.

சும்மா நகந்தான்.

1.50 மணிக்கு ஓர் அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா எழுந்தார்.

"அப்பா, உட்காருங்க."

"அந்தம்மா நிக்கறாங்க கண்ணு. பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

முப்பத்தைந்து நிமிடம் நின்றார்.

2.30 மணிக்குக் காப்பீட்டு அட்டைக்காக என்னைக் கூப்பிட்டார்கள். முதல் கவுண்ட்டரில் ரேஷன் கார்டு நகல் கேட்டார்கள். இரண்டாவதில், அது மூன்றாவதில் தர வேண்டியது என்றார்கள். மூன்றாவதில் ஆள் சாப்பிடப் போயிருந்தார். நான்காவதில் இருந்தவர், "டாக்டர் பார்த்தாச்சுங்களா?" என்றார்.

"இன்னும் இல்லைங்க."

"அப்ப எதுக்குங்க இங்க வந்தீங்க? டாக்டர் பார்த்து எழுதினாத்தானே நான் போட முடியும்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். நான், அவரிடம், மன்னிப்புக் கேட்டேன். இதை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது.

3.20 மணிக்குக் கிளாடிஸ் வந்தார். அது மூன்றாவது முறை.

"ஐயா, இப்ப எப்படிங்க இருக்குது?"

"பரவால்லீங்க. நீங்க சாப்பிட்டீங்களா அம்மணி?"

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

4.35 மணிக்கு அப்பா என் முழங்கையைப் பிடித்தார். உள்ளங்கை கொதித்தது.

"கண்ணு, சித்தே படுத்துக்கட்டுமா?"

தரையில் படுப்பதற்கும் என்னிடம் அனுமதி கேட்டார். படுத்தார். முழங்கால்களை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். காவலாளி வந்து, "இங்கெல்லாம் படுக்கக் கூடாதுங்க, நடைபாதைங்க" என்றார். "எந்திரிச்சுக்கறேனுங்க" என்று அப்பா கையை ஊன்றினார். ஊன்றிய கை மடங்கியது.

கிளாடிஸ்தான் முதலில் ஓடிவந்தார். காய்ச்சல் 103. பச்சையைக் கத்தரித்துவிட்டுச் சிவப்பைக் கட்டினார். அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் ஆதர்ஷ் வயிற்றில் கை வைத்ததும் அவர் முகம் மாறியது. ஸ்கேன், கையெழுத்து, இன்னொரு கையெழுத்து, ஆறு மணி.

அப்பா பிழைத்தார். குடலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். இப்போது வயிற்றின் பக்கவாட்டில் ஒரு பை தொங்குகிறது. மூன்று மாதம் கழித்து இன்னொரு அறுவை சிகிச்சை செய்து அதை எடுக்கலாம் என்கிறார்கள். பை நிறைந்ததும் மாற்ற என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போதெல்லாம், "சிரமத்துக்கு மன்னிச்சுக்கோ கண்ணு" என்கிறார்.

5

கிளாடிஸ் என்ற பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம்.

இரண்டாவது வரைவில் நான் அவருக்குச் சிவப்பு நகப்பூச்சு போட்டேன். கையில் கைபேசி கொடுத்தேன். அப்பா வலியில் முனகும்போது அவரைத் தோழியோடு சிரிக்கவைத்தேன். நன்றாக வந்திருந்தது. வாசித்தபோது எனக்கே அவர்மேல் ஆத்திரம் வந்தது.

அங்கே செவிலியர்கள் நகப்பூச்சு போடக் கூடாது. கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு நிற்க வேண்டும். அன்று கணினி இரண்டு முறை நின்றுபோனது. அப்போதெல்லாம் அவர் நோயாளிகளின் ரத்த அழுத்தத்தைத் தன் புறங்கையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக்கொண்டார். நான்கு மணி வாக்கில் அந்தக் கை மணிக்கட்டு வரை நீலமாக இருந்தது. இவ்வளவும் எனக்குத் தெரியும். பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் மனுவின் தலைப்பில் 'பொருள்: செவிலியரின் அலட்சியம்' என்று எழுதியிருக்கிறேன்.

அண்ணன் தேஜா சொன்னான்: "யாரோ ஒருத்தரைக் கை நீட்டிக் காட்டணும். இல்லீன்னா மனு நிக்காது. 'எல்லாரும் சரியில்ல'ன்னு எழுதினா எவன் படிப்பான்?"

அவன் சொன்னது உண்மை, அதுதான் என் கோபம். நாற்பத்து மூன்று பேருக்கு ஒரு மருத்துவர் போதும் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, முடிவு செய்திருக்கிறார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. அவர் அன்று அங்கே இல்லை. என் கதைக்குள் அவரைக் கூட்டிவரப் பல முறை முயன்றேன். வரவே மாட்டேன் என்கிறார். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தவர் கிளாடிஸ். ஆகவே கிளாடிஸின் விரல்களில் நகப்பூச்சு.

6

இங்கே ஒரு கட்டுரை வருகிறது. கதை மட்டும் வேண்டுமென்றால் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் போகாதீர்கள்.

எங்கள் ஊரில் டாக்டர் என்றால் திருமலைசாமி. காலை எட்டு முதல் பதினொன்று வரை நூற்றிருபது டோக்கன். வகுத்துப் பார்த்தேன், ஆளுக்கு ஒன்றரை நிமிடம். அதில் சட்டையைத் தூக்க அரை நிமிடம் போய்விடும். வயது எழுபத்து நான்கு. இரண்டு முறை கிளினிக்கை மூடப் பார்த்தார். ஊரே போய் வாசலில் நின்று திறக்கவைத்தது. அவருக்குப் பிறகு யாருமில்லை. இளம் மருத்துவர்கள் பெரிய மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். அங்கே போய் ஆதர்ஷ் மாதிரி நாற்பத்து மூன்று பேருக்கு நடுவில் தனியாக ஓடுகிறார்கள். இங்கே ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். நோய் என்று வந்தால் ஒன்றரை நிமிடத்துக்கும் ஏழு மணி நேரத்துக்கும் நடுவில் நமக்கு எதுவுமே இல்லை. மாவட்டம் முழுக்க மருத்துவமனைகள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் இங்கே வைத்தியத்துக்கு வருகிறார்களாம். வரட்டும். சோமனூர்க்காரன் எங்கே போக?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு டாக்டரிடம் போனதை இன்னொரு டாக்டரிடம் சொல்ல மாட்டோம். என் பெரியம்மா முழங்கால் வலிக்கு ஒரே சமயத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்தார். மூன்று பைகளில் மூன்று கோப்புகள். ஒருவர் எடுத்த எக்ஸ்ரேயை அடுத்தவரிடம் காட்டாமல் புதிதாக எடுத்துக்கொள்வார்.

"ஏன் பெரீம்மா, சொன்னா என்ன?"

"சொன்னா அவிய மனசு சங்கடப்படுமல்ல? உங்களை நம்பாம இன்னொருத்தர்கிட்டப் போனோம்னு மூஞ்சிக்கு நேரா எப்படிக் கண்ணு சொல்றது?"

இதில் ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. கல்யாண வீட்டில், பக்கத்து வீட்டுப் பந்தியில் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு வந்ததைச் சொல்லாமல் மறுபடி இலையில் உட்காருவார்களே, அந்த மாதிரி மரியாதை. பெரியம்மாவுக்கு மூன்று பேரும் எழுதிக்கொடுத்தது ஒரே மாத்திரை. மூன்றையும் சாப்பிட்டு வயிறு புண்ணானது. அதற்கு நான்காவதாக ஒரு டாக்டர். அவரிடம் முழங்காலைப் பற்றிச் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அப்பாவும் நானும்

(இந்த வாக்கியத்தை ஐந்து முறை தொடங்கிவிட்டேன். ஐந்து முறையும் இந்தச் சொல்லோடு நிற்கிறது.)

7

பிறகு, பிறகு என்று உங்களை உட்காரவைத்துக்கொண்டே இருக்கிறேன். தெரிகிறது. உங்கள் மணிக்கட்டிலும் பச்சைப் பட்டை கட்டியிருக்கிறேன். நீங்களும் மரியாதைக்காரர், எழுந்து சத்தம் போடாமல் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மனுவில் உள்ள பொய், பதினேழாவது வாக்கியம்: 'செவிலியர் எங்களிடம் எந்த முன்விவரமும் கேட்கவில்லை.' கேட்டார். அப்பாவிடம் இல்லை, என்னிடம். நான் பதில் சொன்னேன். நான் எடுத்துவிட்ட நான்கு வரிகள் அவைதான்.

போன வாரம் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். முகப்பு மேசைச் செவிலியர் உரிய கேள்விகளைக் கேட்காததே தாமதத்துக்குக் காரணம் என்று தெரியவருவதாகவும், அவரைப் பணியிலிருந்து விடுவிக்க உத்தேசித்திருப்பதாகவும், ஒரு சிறு விசாரணைக்குப் பின் நாங்கள் கையெழுத்திட்டால் புகார் முடித்துவைக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். மனுவில் முப்பது உண்மைகள் இருந்தன. ஒரே மருத்துவர், பெருவிரல் நகம், நான்கு கவுண்ட்டர், தரை. அவர்கள் அந்த முப்பதையும் விட்டுவிட்டுப் பதினேழாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். என் பொய் அவர்களுக்கு அவ்வளவு உதவியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கடிதத்தை வீட்டில் அப்பாவின் கட்டிலருகில் உரக்கப் படித்தான்.

"பார்த்தீங்களா? ஒரு கையெழுத்து. அந்தப் பொம்பளையத் தூக்கிப் போட்டாத்தான் மத்தவங்களுக்குப் பயம் வரும்."

"அந்த அம்மணி என்னடா பண்ணுச்சு?" என்றார் அப்பா. "மூணு வாட்டி வந்து கேட்டுட்டுப் போச்சு."

"நீங்க பேசாதீங்கப்பா. பத்துக்கு மூணுன்னு சொன்ன ஆளு நீங்க."

அம்மா தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தார். "உங்கப்பா கல்யாணத்தன்னைக்கே அப்படித்தான். எங்கய்யன் வந்து, மாப்ளே சாப்பாடு எப்படீங்கன்னு கேட்டாரு. பரவால்லீங்கன்னாரு. எங்கய்யன் சமையக்காரன்கூட ஒரு வருசம் பேசல."

அப்பா சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்தது.

நான், "அண்ணா, பதினேழாவது வரி..." என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் காதில் விழவில்லை. அப்பாவுக்கு விழுந்தது. அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "திருமலைசாமி டாக்டரு நேத்து வந்திருந்தாரு கண்ணு. இந்த வயசுல மாடிப்படி ஏறி வந்து, பக்கத்துல உட்கார்ந்து, கையப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு. அவரு பேரு அங்கெல்லாம் வேண்டாம்."

பட்டியல் இதுதான். நான் வாயைத் திறந்தால் அப்பாவின் சொல் போகும். நீ பிறந்தபோது மூச்சு வராமல் கிடந்த உன்னைத் தட்டி அழவைத்தவர் என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லப்பட்ட ஒருவரின் பெயர் போகும். மனுவும் போகும். 'பார்த்தீர்களா, தவறு உங்கள் பக்கம்' என்று சொல்லி அந்த ஏழு மணி நேரத்தையும் எங்கள் தலையில் வைத்துவிடுவார்கள். பொய்யை வைத்துக் கிளாடிஸைக் காட்டிக் கைகழுவுவார்கள், உண்மையை வைத்து எங்களைக் காட்டிக் கைகழுவுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் அங்கே இரண்டாவது மருத்துவர் வரப்போவதில்லை.

8

எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ. நான் கையெழுத்துப் போடுகிறேன். அண்ணனும் நானும் காந்திபுரத்தில் காபி குடித்துவிட்டுச் சோமனூர் பஸ் ஏறுகிறோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு மழை. (மழை எதற்கு? என் மனசாட்சியைக் கழுவவா? அடித்துவிட்டேன். மழையை மட்டுமல்ல, எல்லாவற்றையும்.)

ஆ. விசாரணைக்கு முன்தினம் பெயரில்லாத ஒரு கடிதம் நிர்வாக அதிகாரிக்குப் போய்ச் சேருகிறது. கிளாடிஸ் தப்புகிறார். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. (என் சுபாவத்துக்குப் பொருத்தமான முடிவு. அதனால்தான் பிடிக்கவில்லை. பெயரில்லாக் கடிதத்தை அவர்கள் கிழித்துப் போடுவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.)

இ. சக்கர நாற்காலியில் அப்பா விசாரணைக்கு வருகிறார். கிளாடிஸைப் பார்க்கிறார். தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அறையில் மௌனம். நான் அழுகிறேன். (இது நன்றாக வந்திருந்தது. மூன்று பக்கம். படிக்கிறவர்கள் கண் கலங்குவார்கள். ஆனால் நான் செய்ய வேண்டியதை வயிற்றில் பையோடு இருக்கும் ஒரு மனிதரைக் கொண்டு செய்யவைத்திருக்கிறேன். கிழித்துவிட்டேன்.)

ஈ. வாசகரே, முடிவை உங்களிடம் விடுகிறேன்.

(இல்லை. விடமாட்டேன். இந்த வகைக் கதைகள் பலவும் இப்படி முடிவதைப் படித்திருக்கிறேன், ரசித்தும் இருக்கிறேன். ஆனால் அன்று நான்கு கவுண்ட்டர்களிலும் எனக்கு இதைத்தான் செய்தார்கள். 'அடுத்த கவுண்ட்டருக்குப் போங்க.' நீங்கள் என் அடுத்த கவுண்ட்டர் இல்லை.)

9

மேலே உள்ளது செவ்வாயும் புதனும் எழுதியது. இன்று வியாழன். மாலை. விசாரணைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

நிர்வாக அதிகாரி மாரப்பன் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க வாங்க, உட்காருங்க. ஐயா இப்ப எப்படிங்க இருக்காங்க? டீ சொல்லட்டுங்களா?" அவரும் மரியாதைக்காரர். நான் அவரை வில்லனாக்குவேன் என்று பயந்துகொண்டே போனேன், அவர் அதற்கு இடமே தரவில்லை.

கதவோரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிளாடிஸ். சீருடை இல்லை. மடியில் கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

மாரப்பன் கடிதத்தைப் படித்தார். "இந்தம்மாவ இன்னையோட நிறுத்திக்கறோம். நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க."

"நான் கேட்டேன் சார்," என்றார் கிளாடிஸ். "ரெண்டு தடவை கேட்டேன்."

"கம்ப்யூட்டர்ல 'இல்லை'ன்னு அடிச்சிருக்குதம்மா. கேட்டு அடிச்சியா, கேக்காம அடிச்சியா, அதுக்கு யாரு சாட்சி?"

"அவங்கதான் சார் சாட்சி."

'அவங்க' நான்.

அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றினான்.

"சார்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அறையின் ஏ.சி. அதைவிடச் சத்தமாக இருந்தது. "சார்!" என்றேன் மறுபடி. அண்ணன் திரும்பினான். நான் கத்தியிருக்க வேண்டும்.

"சொல்லுங்கம்மா."

"அவங்க கேட்டாங்க சார்."

"ஷ்ரவ்யா, சும்மா இரு," என்றான் அண்ணன் தணிந்த குரலில். "ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"அவங்க கேட்டாங்க. நான்தான் இல்லைன்னு சொன்னேன். மனுவுல பதினேழாவது வரி பொய். அதை எழுதினதும் நான்தான்."

மாரப்பன் முன்னால் சாய்ந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இரண்டாவது வழி திறந்துவிட்டது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்படீங்களா? அப்ப தப்பு உங்க பக்கம்ங்கறீங்க."

"இல்லைங்க சார். நாப்பத்து மூணு பேருக்கு ஒரே டாக்டர வெச்சது உங்க தப்பு. நகம் பேந்தவரை முன்னாடி கூட்டிட்டுப் போனது உங்க தப்பு. எங்கப்பாவ தரையில படுக்கவெச்சது உங்க தப்பு. அதுல ஒரு நிமிசம்கூட நான் விட்டுக்குடுக்க மாட்டேன். அதையெல்லாம் முதல்ல எழுதிக்கோங்க. எழுதினப்புறம் என்னோடதைச் சொல்றேன்."

என் வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. மாரப்பன் எழுதவில்லை. நான் காத்திருந்தேன். காத்திருக்க எனக்குத் தெரியும். கடைசியில் அவர் பேனாவை எடுத்தார்.

அதற்கு அப்புறம் கிளாடிஸுக்கு என்ன ஆயிற்று, அண்ணன் காரில் என்ன சொன்னான், அப்பா கேட்டுவிட்டு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவற்றைத் தீர்ப்பு என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் இந்தக் கதையைத் தொடங்கியது ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க. அது ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

"இப்பச் சொல்லுங்க," என்றார் மாரப்பன்.

சொன்னேன். சத்தமாக.

"அன்னைக்குக் காலையில ஒம்பதே முக்காலுக்கு எங்க டாக்டர்கிட்டப் போனோம் சார். அப்பாவுக்கு நூத்திரண்டு காய்ச்சல். வலியில நிக்க முடியாம மேசையப் புடிச்சுக்கிட்டிருந்தாரு. அவரு வலிக்கு ஒண்ணு, காய்ச்சலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஊசி போட்டாரு. போட்டுட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னும் சொன்னாரு. அதனாலதான் இங்க வந்தப்ப காய்ச்சலும் இல்ல, வலியும் மூணு. இவங்க என்கிட்ட, வேற எங்கயாச்சும் காமிச்சீங்களா, ஊசி ஏதாச்சும் போட்டீங்களான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவையும் இல்லைன்னேன். அப்பா கையில ஊசி குத்துன எடத்துல பஞ்சு வெச்சு பிளாஸ்திரி ஒட்டியிருந்துது சார். இவங்க பார்த்துடக் கூடாதுன்னு, உங்க கேட்டுக்கு வெளியிலயே, கார்ல வெச்சு, நான்தான் அதைப் பிச்சு ஜன்னல் வழியா வீசுனேன்."